சனியில் நின்ற கம்ப்யூட்டர்

மூன்று மாதம் படித்தவளுக்கு இருக்கும் தைரியம் முப்பது வருஷம் படித்தவளுக்கு வராது. அனுபவத்தில் சொல்கிறேன். மலாக்கா டவுனில் ஒரு கடை மாடியில் நடந்த கம்ப்யூட்டர் வகுப்புக்கு மாலை நேரத்தில் மூன்று மாதம் போனேன். ஒரு சான்றிதழ் கொடுத்தார்கள். அதைக் கண்ணாடி போட்டுச் சாமி படத்துக்குப் பக்கத்தில் மாட்டி வைத்துவிட்டு, எங்கள் காஜா பெராங் வட்டாரத்திலேயே கம்ப்யூட்டர் தெரிந்த ஒரே ஆள் நான்தான் என்று நம்பிக்கொண்டு திரிந்தேன். (எங்கள் சந்து வரைக்கும் அது உண்மையும்கூட.) யார் வீட்டிலாவது டைப்ரைட்டர் ரிப்பன் சிக்கிக்கொண்டாலும் என்னைத்தான் கூப்பிடுவார்கள். நானும் போய்ப் புருவத்தைச் சுருக்கிப் பார்த்துவிட்டு, "இது ஹார்ட்வேர் பிராப்ளம்" என்று சொல்லிவிட்டு வருவேன்.

அப்போது எனக்கு இருபத்தொரு வயது. அந்த வகுப்பில் நான் உருப்படியாகத் தெரிந்துகொண்டது இரண்டு. ஒன்று, கடிதம் அடித்துச் சேமித்து வைப்பது. இன்னொன்று, எனக்கு அடுத்த நாற்காலியில் உட்கார்ந்த குணசேகரன். செங் பக்கம் ஒரு தொழிற்சாலையில் வேலை. வேலை முடிந்து நேராக வகுப்புக்கு வருவார்; கொட்டாவியை அடக்கிக்கொண்டு பாடம் கேட்பார்; எனக்குப் புரியாததை, எனக்குப் புரியவில்லை என்று காட்டிக்கொடுக்காமல் சொல்லித் தருவார். வகுப்பு முடியப்போகிற சமயத்தில் ஒருநாள், "எங்கம்மாவ உங்க வீட்டுக்கு வந்து பேசச் சொல்லட்டுமா?" என்று கேட்டார். கேள்வி முடிவதற்குள் "சொல்லுங்க" என்றுவிட்டேன். (இந்த அவசரம்தான் பிறகு வந்த எல்லாவற்றுக்கும் காரணம்.)

குணாவின் அம்மா பாக்கியம்மாள் உஜோங் பாசிரிலிருந்து வந்தார். என்னை மேலும் கீழும் பார்த்தார். பிடித்திருக்கிறது என்றும் சொல்லவில்லை, பிடிக்கவில்லை என்றும் சொல்லவில்லை. ஜாதகப் பொருத்தம் பார்த்துவிட்டுத்தான் மற்றது என்றார். அங்கேதான் வந்தது வினை. எங்கள் வட்டாரத்தில் ஜோசியர் என்றால் அது என் பெரியப்பாதான். அப்பாவுக்கு அண்ணன், பக்கத்து வீடு, நெற்றி நிறைய விபூதி, வாய் நிறைய வெற்றிலை.

"நானே பாத்துச் சொல்லிடுறேன்மா, நாளைக்கே" என்றார் பெரியப்பா.

பாக்கியம்மாள் கோப்பி கிண்ணத்தைக் கீழே வைத்தார். "தப்பா எடுத்துக்காதீங்க ஐயா. பொண்ணுக்குப் பெரியப்பாவே பொருத்தம் பாத்தா எப்படி? பரீட்ச எழுதுறவனே பேப்பரத் திருத்துன மாதிரில்ல ஆயிரும்?"

அம்மா என்னைப் பார்த்தாள், நான் தரையைப் பார்த்தேன். பாக்கியம்மாளே தொடர்ந்தார். "சிரம்பான்ல ஒருத்தரு கம்ப்யூட்டர்ல ஜாதகம் பாக்குறாராம். கம்ப்யூட்டருக்குச் சொந்தம் பந்தம் கிடையாது பாருங்க."

பெரியப்பாவுக்கு முகம் சிவந்துவிட்டது. கொஞ்ச காலமாகவே அவருடைய வாடிக்கைக்காரர்கள் ஒவ்வொருவராகச் சிரம்பானுக்கு பஸ் ஏறிக்கொண்டிருந்தார்கள். இப்போது சொந்தத் தம்பி மகளின் ஜாதகமும் பஸ் ஏறப்போகிறது என்றால் மனுஷன் எப்படிப் பொறுப்பார்? எழுந்து நின்று வேட்டியை இறுக்கிக் கட்டினார்.

"கம்ப்யூட்டர்தானே? நம்ம வீட்டுலயே வரும். மெர்டேக்கா அன்னிக்குக் காலையில வாங்க. மொத ஜாதகமே இவங்க ரெண்டு பேருதுதான். நான் ஓரமா உக்காந்து வெத்தல போடுறேன், அது பாக்கட்டும்."

சுதந்திர தினத்துக்கே நாள் குறித்து அவர் சொல்லி முடித்ததும் எல்லாரும் என் பக்கம் திரும்பினார்கள். சான்றிதழ் சுவரில் தொங்கிக்கொண்டிருந்ததே! எந்தக் கம்ப்யூட்டரை வாங்குவது என்று தேர்ந்தெடுக்கும் பொறுப்பு அந்த நிமிஷத்தில் என் தலையில் விழுந்தது. என் கல்யாணத்துக்கு நானே மெஷின் வாங்கப் போகிறேன். பெருமையில் எனக்குக் கால் தரையில் பாவவில்லை.

புங்கா ராயா சாலைக்குப் பக்கத்தில் ஒரு கடை. கடை முதலாளி, எங்கள் பேச்சில் தவுக்கே, பெயர் ஆ கியாட். சிரித்த முகம், சட்டைப் பையில் எப்போதும் ஒரு ஸ்க்ரூ டிரைவர். எங்களை உட்காரவைத்து, குளிர்ந்த சோயா பால் கொடுத்து, என்ன வேலைக்கு என்று கேட்டார். மெட்ராஸிலிருந்து வரவழைத்த ஜோசிய டிஸ்கெட்டைப் பெரியப்பா மஞ்சள் பையிலிருந்து எடுத்து, குழந்தையைக் காட்டுவது போலக் காட்டினார்.

ஆ கியாட் கண்ணாடியலமாரியிலிருந்து மூன்று சில்லுகளை எடுத்து மேசைமேல் வைத்தார். கம்ப்யூட்டருக்கு மூளை அதுதான். பெட்டி, திரை, எலி எல்லாம் அப்புறம். ஒன்று பழைய முன்னூற்று எண்பத்தாறு. மற்ற இரண்டும் புதிய நானூற்று எண்பத்தாறு. அதில் ஒன்று எஸ்.எக்ஸ். இருபத்தைந்து, மற்றது டி.எக்ஸ். முப்பத்து மூன்று. நான் தொண்டையைச் செருமிக்கொண்டு, "டி.எக்ஸ்.தான் வேகம், பெரியப்பா" என்றேன். வகுப்பில் அப்படித்தான் சொல்லியிருந்தார்கள். அத்தோடு என் வாயை மூடியிருந்தால் நான் இன்றைக்கு இதை எழுதிக்கொண்டிருக்க மாட்டேன்.

பெரியப்பா பேனாவை எடுத்தார். உங்களுக்கு அவரைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். அவர் எண்ணைக் கூட்டிப் பார்க்காமல் எதையும் தொட மாட்டார். கூட்டினால் எட்டு வருகிற எதுவும் அவருக்கு ஆகாது. எட்டு சனியின் எண். பஸ் டிக்கெட் நம்பர் எட்டு வந்துவிட்டது என்று தெங்கேராவில் இறங்கி வெயிலில் வீடு வரை நடந்து வந்த மனுஷர் அவர்.

"முன்னூத்தி எம்பத்தாறு. மூணும் எட்டும் பதினொண்ணு, ஆறு பதினேழு. ஒண்ணும் ஏழும் எட்டு! சிவ சிவா, அத உள்ள வைங்க தவுக்கே."

நான் மலாயில் எடுத்துச் சொன்னதும் தவுக்கேக்கு அதிர்ச்சி. "ஏன் அங்கிள்? எட்டு பாகுஸ் லா! எட்டுதான் ஓங்!" என்றார் மலாயில். நல்லது, அதிர்ஷ்டம் என்று அர்த்தம். சீனர்களுக்கு எட்டு என்றால் செல்வம், நாலு என்றால் சாவு. பெரியப்பாவுக்கு எட்டு என்றால் சனி. ஒரே கடை, ஒரே மேசை. ஒருவர் கும்பிடுகிற எண்ணைப் பார்த்து இன்னொருவர் கன்னத்தில் போட்டுக்கொள்கிறார். இந்த மலாக்காவில் நாங்கள் எல்லாரும் இத்தனை காலம் எப்படிச் சண்டை போடாமல் இருந்தோம் என்று எனக்கு இன்றும் ஆச்சரியம்தான்.

"டி.எக்ஸ். முப்பத்து மூணு. மூணும் மூணும் ஆறு. ஆறு சுக்கிரன். சுக்கிரன்னா கேளிக்கை, சினிமா. நாம என்ன இதுல படமா பாக்கப் போறோம்?" பேனா அடுத்த சில்லுக்கு நகர்ந்தது. "இருபத்தஞ்சு. ரெண்டும் அஞ்சும் ஏழு." பேனா நின்றது. "ஏழு! மல்லி, இது என்ன எண்ணு தெரியுமா?"

தெரியும். எங்கள் குடும்பத்தில் நடக்கப் பழகிய குழந்தைக்குக்கூடத் தெரியும். பெரியப்பா பன்னிரண்டு வயதுப் பையனாக இருந்தபோது, நாட்டுக்கு விடுதலை எப்போது என்று இதே மலாக்காவில் பண்டார் ஹிலிர் திடலில் அறிவித்தார்கள். அவர் கூட்டத்துக்குப் பின்னால் ஒரு வேலிமேல் ஏறி நின்று கேட்டாராம். பிறகு அந்தத் தேதியை, முப்பத்தொன்று, எட்டு, ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்தேழு, எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்தால் ஏழு. "நாட்டுக்கே ஏழு ஒத்து வந்துச்சு, நமக்கு வராதா?" என்பது அவர் வாழ்நாள் வாதம். (அந்தத் தேதிக்கு நடுவில் ஒரு எட்டு குந்தியிருக்கிறதே என்று ஒருமுறை கேட்டேன். ஒரு வாரம் என்னோடு பேசவில்லை.)

"மெர்டேக்கா அன்னிக்குத் தெறக்குற கம்ப்யூட்டர். ஏழு நம்பரு. வேற என்ன வேணும்?" என்றார். பிறகு, ஏதோ உறுத்தியிருக்க வேண்டும், என்னைப் பார்த்துக் கேட்டார். "ஏன் மல்லி, இந்த எஸ்.எக்ஸ்.ல நம்ம ஜோசியம் வேல செய்யும்ல?"

டி.எக்ஸில் தசமப் புள்ளி வைத்த கணக்குகளைப் போடுவதற்கென்றே தனியாக ஒரு பகுதி உள்ளே இருக்கும். எஸ்.எக்ஸில் அது கிடையாது. டிஸ்கெட்டோடு வந்த தாளிலும் அந்தப் பகுதி இல்லாவிட்டால் கணக்கு ஆமை வேகத்தில்தான் நகரும் என்று தெளிவாகத்தான் போட்டிருந்தது. நான் படித்தேன். ஜாதகம் என்பதே தலை முதல் கால் வரை கணக்குதான் என்பதும் எனக்குத் தெரியும். ஆனால் டி.எக்ஸ்.தான் வேண்டுமென்று நான் அடம்பிடித்தால், எண் ஒத்துவருகிற வேறு ஒன்றைத் தேடி இவர் கோலாலம்பூருக்கே கிளம்பிவிடுவார்; மெர்டேக்கா போய்விடும்; ஜாதகம் சிரம்பானுக்குப் போகும்; அந்த முகம் தெரியாத மனிதரின் கம்ப்யூட்டர் என்னையும் குணாவையும் பற்றி என்ன சொல்லுமோ யார் கண்டது?

"செய்யும் பெரியப்பா" என்றேன். "அது சும்மா ஊறுகா மாதிரி. இருந்தா நல்லது, இல்லாட்டியும் சோறு எறங்கும்."

ஆ கியாட்டுக்குத் தமிழ் தெரியாது. தெரிந்திருந்தால் அவராவது என்னைக் காப்பாற்றியிருப்பார்.

பெட்டியைப் பூட்டுவதற்கு முன் அவர் ஒரு வித்தை காட்டினார். பெட்டியின் முகப்பில் பச்சையாக எண் எரியும் ஒரு சின்னக் கண்ணாடி. அதற்குப் பக்கத்தில் 'டர்போ' என்று ஒரு பொத்தான். அந்தக் கண்ணாடிக்கும் உள்ளே இருக்கும் சில்லுக்கும் சம்பந்தமே இல்லை என்றும், பின்பக்கம் ஊசிகளை மாற்றிப் போட்டால் என்ன எண் வேண்டுமானாலும் எரியும் என்றும் சொன்னார். "என் கஸ்டமர் எல்லாம் எம்பத்தெட்டு கேப்பாங்க. உங்களுக்கும் போட்டுத் தரவா?"

"ரெண்டு சனியா!" என்று பெரியப்பா நாற்காலியை விட்டே எழுந்துவிட்டார். இருபத்தைந்தே எரியட்டும் என்று முடிவானது. தவுக்கேக்கு முகம் வாடிவிட்டது. இவ்வளவு நல்ல மனுஷருக்கு ஓர் எட்டுகூடக் கொடுக்க முடியவில்லையே என்று அவர் வருத்தப்பட்டது எனக்கே தெரிந்தது. வேலையாளைக் கூப்பிடாமல், தானே குனிந்து நெடுநேரம் பெட்டிக்குள் என்னமோ செய்துகொண்டிருந்தார்.

மெர்டேக்கா அன்று திங்கட்கிழமை. காலை ஒன்பது வரை ராகு காலம். பத்தரைக்கு எமகண்டம் ஆரம்பம். நடுவில் இருக்கிற நேரத்தில் பொருத்தம் பார்த்து, சரியாக வந்தால் அப்போதே தட்டு மாற்றிவிடுவது என்று பேச்சு. பெரியப்பா வீட்டு முன்னறையில் கம்ப்யூட்டர் மேசைக்கு வாழைக்கன்று கட்டியிருந்தது. திரைக்கு மாலை. பெட்டிக்குச் சந்தனம், குங்குமம். நாலு மூலைக்கும் நாலு எலுமிச்சம்பழம். (புதுக் காடியாக இருந்தால் சக்கரத்தை ஏற்றி நசுக்கலாம். இதை எங்கே ஓட்டுவது?) டிஸ்கெட்டின் மேல் விபூதி தூவப்போன பெரியப்பாவின் கையை நான் பாய்ந்து பிடித்தேன்.

பாக்கியம்மாள் பட்டுப்புடவையில் வந்தார். மடியில் ஒரு வெள்ளித்தட்டு. அதில் வெற்றிலை, பாக்கு, பழம், பூ. மேலே சிவப்புத் துணி மூடியிருந்தது. மேசையில் வைக்கச் சொன்னோம். "இருக்கட்டும், வர்றது வரட்டும்" என்று மடியிலேயே வைத்துக்கொண்டார். பக்கத்தில் குணா, தேய்த்த சட்டையில். அடுத்த வீட்டுச் செட்டி குடும்பத்து மீனாட்சி அக்காவும் பலகாரத் தட்டோடு வந்து உட்கார்ந்தார். மலாக்காச் செட்டிகள் தலைமுறை தலைமுறையாக இங்கேயே ஊறியவர்கள்; பெயர்தான் மீனாட்சி, தமிழ் வராது, மலாய்தான். அப்பா உள்ளறையில் சத்தத்தைக் குறைத்துவிட்டு டிவியில் மெர்டேக்கா அணிவகுப்பு பார்த்துக்கொண்டிருந்தார்.

சூடம் காட்டி, நான் நாற்காலியில் உட்கார்ந்து, இரண்டு பேருடைய பிறந்த தேதி, நேரம், ஊர் எல்லாம் தட்டினேன். என்டர் பொத்தானைப் பெரியப்பா மோதிர விரலால் அழுத்தினார். அம்மா குலவை போடாத குறை.

திரையில் ஆங்கில எழுத்தில் 'SURYAN' என்று வந்தது. அதற்குப் பக்கத்தில் ஒரு புள்ளி. கொஞ்ச நேரம் கழித்து இன்னொரு புள்ளி. ஒவ்வொரு கிரகமாகக் கணக்குப் போட்டு முடித்ததும் அடுத்த கிரகத்தின் பெயர் வரும் என்று புரிந்தது. எல்லாரும் மரியாதையாகப் பார்த்துக்கொண்டிருந்தோம். சூரியன் முடிவதற்குள் கோப்பி ஆறிவிட்டது. சந்திரன் வந்தபோது அம்மா கேசரி கொண்டுவந்தாள். செவ்வாய்க்கு வடை. புதனுக்குக் கறிபாப்.

"சூடா சியாப் கா?" என்று கேட்டார் மீனாட்சி அக்கா. முடிந்துவிட்டதா என்று அர்த்தம்.

"பெலும்" என்றேன். இன்னும் இல்லை.

குணா மெதுவாக என் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றார். உதட்டை அசைக்காமல் கேட்டார். "டி.எக்ஸா, எஸ்.எக்ஸா?"

"எஸ்.எக்ஸ்."

கண்ணை மூடிக்கொண்டார். நான் கெட்டேன் என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. ஆனாலும் மனுஷர் ஒரு வார்த்தை பேசாமல், மூலையில் இருந்த மேசை விசிறியைத் தூக்கிவந்து பெட்டிக்குப் பின்னால் வைத்துச் சுழலவிட்டார். "சூடானா இன்னும் மெதுவாயிரும்" என்று தன் அம்மாவுக்கு விளக்கம் வேறு சொன்னார். பாக்கியம்மாள் மகனையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். தட்டு மடியிலேயே இருந்தது.

குரு, சுக்கிரன் எல்லாம் ஆடி அசைந்து முடிந்தபோது மணி பத்தைத் தாண்டிவிட்டது. அடுத்த பெயர் திரையில் வந்தது. 'SANI'.

புள்ளி வரவில்லை. காத்திருந்தோம். வரவில்லை. பட்டுப்புடவையும் வெள்ளித்தட்டுமாகப் பெண் கேட்டு வந்தவருக்கு நேர் எதிரே, மாலை போட்ட திரையில், சனி பகவான் தனியாக நின்று கண் சிமிட்டிக்கொண்டிருந்தார்.

"ஏங்க, இது என்ன சகுனம்?" என்றார் பாக்கியம்மாள்.

பெரியப்பாவைப் பாராட்ட வேண்டும். வியர்த்துக் கொட்டியது, ஆனால் குரல் ஆடவில்லை. "சரியாத்தாம்மா போவுது! சனி ஒரு ராசியத் தாண்டவே ரெண்டரை வருஷம். எல்லா கெரகத்தையும் விட அவருதான் மெதுவு. இது வேகமாப் போயிருந்தாத்தான் நான் சந்தேகப்பட்டிருப்பேன்."

அவர் முகத்தைப் பார்க்க எனக்கு அழுகை வந்தது. சிரம்பான்காரனை ஜெயிக்க வேண்டும் என்று ஆசைப்பட்ட மனுஷன். என் வார்த்தையை நம்பி இதை வாங்கியவர். சுவர்க்கடிகாரம் பத்தேகாலைக் காட்டியது. இன்னும் கால் மணியில் எமகண்டம். அது வந்துவிட்டால் இந்த அம்மாள் தட்டைத் தூக்கிக்கொண்டு எழுந்துவிடுவார், அடுத்து சிரம்பான், அதற்கப்புறம் குணா எனக்கு இல்லை. ஏதாவது செய்தாக வேண்டும். என் கண்ணில் டர்போ பொத்தான் பட்டது. டர்போ என்றால் வேகம்தானே? அழுத்தினேன்.

அது ஏற்கெனவே வேகத்தில்தான் இருந்தது என்பதும், அழுத்தினால் வேகம் குறையும் என்பதும் வகுப்பில் நாலாவது மாதம் சொல்லித் தருவார்கள் போலிருக்கிறது. முகப்பில் பச்சையாக எரிந்துகொண்டிருந்த இருபத்தைந்து அணைந்தது. அந்த இடத்தில் ஒற்றை எண் எரிந்தது. எட்டு.

"எட்டு!" என்று பெரியப்பா பின்வாங்கி வாழைக்கன்றில் மோதினார். வாழைக்கன்று அம்மாமேல் சாய்ந்தது. திரையில் சனி, பெட்டியில் சனியின் எண். திரும்ப அழுத்தினேன். பொத்தான் உள்ளே போனது போனதுதான், வெளியே வரவில்லை. நகத்தால் நெம்பினேன். ஹேர்பின்னால் குத்தினேன். அசையவில்லை. அப்போது எனக்குள் என்ன புகுந்ததோ தெரியாது, கையை ஓங்கிப் பெட்டியின் மண்டையில் பட் பட்டென்று இரண்டு போட்டு, "ஏ சனியனே, நகந்து தொலையேன்!" என்று கத்திவிட்டேன்.

அணிவகுப்பைப் பார்த்துக்கொண்டிருந்த அப்பாகூட எட்டிப் பார்த்தார். சனியைப் போய் சனியனே என்று, அதுவும் சந்தனம் பூசி மாலை போட்டிருக்கும்போது, மாமியாராக வரவேண்டியவரின் முன்னால். முடிந்தது என் கதை, இனி உஜோங் பாசிர் பக்கம் தலைவைத்துப் படுக்க முடியாது என்று நினைத்தேன்.

அப்போது ஒரு சத்தம் கேட்டது. பாக்கியம்மாள் சிரிக்கிறார். முதலில் மூக்கால், பிறகு வாயால், பிறகு மடியிலிருந்த தட்டு குலுங்கக் குலுங்க.

"எங்க வீட்டு டிவியும் இப்படித்தான் லா" என்றார் கண்ணைத் துடைத்துக்கொண்டு. "மண்டையில ரெண்டு போட்டாத்தான் படமே தெரியும். இவங்கப்பாவுக்கு அடிக்க வராது, இவனுக்கும் வராது. தடவிக் குடுப்பானுங்க. இத்தன வருஷமா நானேதான் அடிக்கிறேன், கையெல்லாம் வலி." என்னைப் பார்த்தார். "உன் கை எப்படிம்மா?"

"நல்லாத்தாங்க இருக்கு" என்றேன். வேறு என்ன சொல்வது?

"அடி விழுந்தப்பவே தெரிஞ்சுது." கடிகாரத்தைப் பார்த்தார். "ஐயா, எமகண்டம் வரப்போவுது. தட்ட மாத்திக்கலாமா?"

பெரியப்பா வாழைக்கன்றை நிமிர்த்திக்கொண்டே திணறினார். "அம்மா... பொருத்தம் இன்னும் வரலியே..."

"அது சனியத் தாண்டி, ராகுவத் தாண்டி, கேதுவத் தாண்டி வர்றதுக்குள்ள எனக்கு அறுவதாங் கல்யாணம் வந்துரும். ஒரு மணி நேரமா உக்காந்து பாத்துக்கிட்டுத்தானே இருக்கேன்? என் மவன் எங்க வீட்டுல ஒரு தம்ளரத் தூக்கி வெச்சதில்ல. இங்க அடுத்தவங்க வீட்டு விசிறியத் தூக்கிட்டு அலையுறான். இதுக்கு மேல கம்ப்யூட்டர் எனக்கு என்ன சொல்லப்போவுது?"

குணாவுக்குக் காது சிவந்தது. பெரியப்பா துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். வியர்வையா கண்ணீரா என்று நான் கேட்கவில்லை. அப்பா உள்ளேயிருந்து சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே ஓடிவந்தார். அம்மா தட்டை நீட்ட, பாக்கியம்மாள் சிவப்புத் துணியை எடுத்துவிட்டுத் தன் தட்டை நீட்ட, இரண்டு தட்டும் கைமாறின அதே நொடியில் கம்ப்யூட்டர் 'பீப்' என்றது. எல்லாரும் திரும்பிப் பார்த்தோம். சனி முடிந்திருந்தது. திரையில் புதிதாக வந்திருந்த பெயர் 'RAHU'.

முதலில் சிரித்தது பெரியப்பாதான். அவர் சிரித்த பிறகு வீடே சிரித்தது.

"சூடா கா?" என்றார் மீனாட்சி அக்கா.

"சூடா, சூடா!" என்று பெரியப்பா கத்திச் சொல்லிவிட்டு, தன் கையாலேயே சுவிட்சை அணைத்தார்.

அடுத்த வாரம் பொத்தானைப் பழுது பார்க்கப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஆ கியாட்டிடம் போனோம். எட்டு எங்கிருந்து வந்தது என்று பெரியப்பா கேட்டதும், அவர் வெட்கப்பட்டுச் சிரித்தார். முன்னால் போட்டால் அங்கிளுக்குப் பிடிக்காது என்று, டர்போ அணைந்தால் மட்டும் தெரிகிற இடத்தில் ஒரே ஒரு எட்டை ஒளித்து வைத்தாராம். இனாம்தான், அதிர்ஷ்டத்துக்கு. நடந்ததையெல்லாம் நான் சொன்னேன். கேட்டுவிட்டு மனுஷர் மேசையைத் தட்டினார். "பாத்தீங்களா அங்கிள்? எட்டு வந்துச்சு, உடனே கல்யாணம்! ஓங் தானே?" எண் கணிதத்தில் பெரியப்பா வாயடைத்துப் போனதை நான் பார்த்தது அந்த ஒருமுறைதான்.

அந்தக் கம்ப்யூட்டரை அவர் மாற்றவே இல்லை. ஜாதகத்தைப் பழையபடி கையால் கணித்து, அதில் அடித்து, அச்செடுத்துக் கொடுத்தார். வாடிக்கைக்காரர்கள் திரும்பி வந்தார்கள். யாராவது ஏன் இவ்வளவு நாளாகிறது என்று கேட்டால், "நம்ம கம்ப்யூட்டர் அவசரப்படாது" என்பார். இப்போது அவர் இல்லை. பெட்டி இருக்கிறது. பெரியம்மா அதன்மேல் துளசித் தொட்டி வைத்திருக்கிறார். மாமியாரும் போய்ச் சேர்ந்துவிட்டார். போகிற வரைக்கும் டிவியை அடிக்கிற வேலை என்னுடையதாகத்தான் இருந்தது. அந்தக் காலையில் அந்த முன்னறையில் இருந்தவர்களில் பாதிப்பேர் இன்றைக்கு இல்லை. மெர்டேக்கா வந்தால், அணிவகுப்பு பார்த்தபடியே அவர்களைப் பற்றித்தான் பேசுவோம்.

எங்கள் வீட்டில் யார் எதற்குத் தாமதித்தாலும் கேள்வி ஒன்றுதான். நான் யார் கல்யாணத்துக்காவது புடவை கட்டிக்கொண்டிருந்தால் வாசலிலிருந்து குணா குரல் கொடுப்பார். "மல்லி, எது வரைக்கும் வந்துருக்க? சனியத் தாண்டிட்டியா?"

போன மாதம் மகள் யாழினி புதிய டெஸ்க்டாப் வாங்கப்போவதாகச் சொல்லி, திரையில் வரிசையாகச் சில்லுகளைக் காட்டினாள். எத்தனையோ கோர், எத்தனையோ வேகம், ஒன்றும் புரியவில்லை. நான் வாய்க்குள் மெதுவாகக் கூட்டிப் பார்த்தேன். எட்டு வந்தது. "அடுத்ததக் காட்டு" என்றேன். குணா செய்தித்தாளுக்குப் பின்னாலிருந்து, "கணக்குப் போடுற பாகம் உள்ள இருக்கான்னு மொதல்ல கேளு. உங்கம்மாவுக்கு அது ஊறுகா" என்றார்.

யாழினிக்கு இந்தக் கதை மனப்பாடம். போனைக் கையில் எடுத்தாள். "ஏம்மா, அன்னிக்கு முடிக்காத பொருத்தத்த இப்ப பாத்துரலாமே? இதுலயே ஆப் இருக்கு. ஒரு செகண்ட் கூட ஆகாது. உங்க ரெண்டு பேரு டேட் ஆஃப் பர்த்தும் எனக்குத் தெரியும். போட்டுரட்டா?"

"வேணாம்!"

நானும் அவரும் ஒரே குரலில் கத்தினோம். செய்தித்தாள் ஒரு பக்கம் பறந்தது, என் கையிலிருந்த கரண்டி ஒரு பக்கம் விழுந்தது. இத்தனை வருஷத்தில் நாங்கள் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் ஒரே கருத்தைச் சொன்னது அநேகமாக அதுதான் முதல் தடவை. அவர் எழுந்து வந்து, மகள் கையிலிருந்த போனை வாங்கி, அவளுக்கு எட்டாதபடி அலமாரி உச்சியில் வைத்தார்.

"நல்லாத்தானே போய்க்கிட்டு இருக்கு" என்றார். "சனியிலேயே நிக்கட்டும், விடு."